பாலை மரப் பொந்தில் ஒரு பிஸ்கட் டப்பா

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் முகம் சுளிப்பார்கள். பெரியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நாம்தான், நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டு, மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்துவைத்து விழுங்கிக்கொண்டு இருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு புதையல் வேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள் என் சித்தி மகள். ஜியோகேஷிங் என்று பெயராம். யாரோ ஒருவர் காட்டுக்குள் ஒரு டப்பாவை ஒளித்துவைப்பார். அது இருக்கும் இடத்தை எண்களாகப் போனில் ஏற்றிவிடுவார். மற்றவர்கள் குடும்பம் குடும்பமாகப் போனைப் பார்த்துக்கொண்டே நடந்துபோய்க் கண்டுபிடிக்க வேண்டும். டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்கு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், தலையில் தொப்பி, முதுகில் தண்ணீர்ப் பை. அடர்ந்த மரநிழலில் தொப்பி எதற்கு என்று நான் கேட்டதற்கு என் தலையிலும் ஒன்றை மாட்டிவிட்டார்கள். ஒரு அப்பா தன் மகனிடம், "கீழ பாக்காத, ஸ்கிரீனப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வேரில் தடுக்கி விழுந்தார். எனக்குச் சிரிப்பு வந்ததை நான் மறைக்கவில்லை.

இடம் எது தெரியுமா? தவளக்குப்பம் சந்திப்பில் திரும்பி உள்ளே போனால் வருமே, ஐயனார் காடு, அதுதான். இப்போது கம்பிவேலி போட்டு, பெரிய பலகையில் பழங்காடு, பாதுகாக்கப்பட்ட பகுதி என்று எழுதி, வாசலில் செல்ஃபி எடுக்க ஒரு வளைவும் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் எத்தனையோ தலைமுறையாக ஒரு சுள்ளிகூட எடுக்காமல் காப்பாற்றிய காட்டைப் பாதுகாக்கிறோம் என்று பலகை வைப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

எனக்கு இந்த விளையாட்டு புதிதில்லை. இந்த ஊரிலேயே இதை முதலில் ஆடியவர் என் பிரான்ஸ் பெரியப்பாவாகத்தான் இருக்கும். அவர் ஆடிய அழகை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் சித்தியும் சித்தப்பாவும். அம்மாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவள் பெரியம்மா, பிரெஞ்சுக் குடியுரிமைக்காரரைக் கட்டிக்கொண்டு போனவள். கடைசிதான் சித்தி. தனியார் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். கல்யாணமாகிப் பல வருடமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. அதைப் பற்றி அவளைத் தவிர வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். சித்தப்பா நல்ல மனிதர். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் சரியாகச் செய்தித்தாளைத் திறக்கும் நல்ல மனிதர்.

நமக்குப் பள்ளி திறந்து யூனிட் டெஸ்ட் நடக்கிற ஜூலை மாதத்தில்தான் பிரான்ஸ்காரர்களுக்குக் கோடை விடுமுறை. வகான்ஸ் என்று பெரியப்பா சொல்வார், பிறகு வீடு முழுக்க அப்படியே சொல்லும். அவர்கள் வருகிறார்கள் என்றால் அம்மா ஜன்னல் திரையெல்லாம் துவைத்துப் போடுவாள். பெட்டியைத் திறந்ததும் சோப்பும் சென்ட்டும் கலந்த ஒரு வாசம் வரும், அதன் அடியில் வழியில் கெட்டுப்போன சீஸின் வாடை. அந்தச் சீஸை அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கிவிட்டு, "நல்லாருக்கு சார்" என்பார். சொந்தச் சகலையை சார் என்று கூப்பிட்ட மனிதர் உலகத்தில் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்கு அன்று கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் படையில் இருந்த பழைய சிப்பாய்கள் மெடல் குத்திக்கொண்டு நிற்பார்கள். பெரியப்பா சிப்பாயாக இருந்தவரே இல்லை. இருந்தாலும் கோட்டு மாட்டிக்கொண்டு போய் அவர்களுக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்பார், நாங்கள் எதிர்ப்பக்கம் நின்று பெருமைப்பட வேண்டும்.

அந்த வருடம் அவர் கொண்டுவந்தது சோப்புக்கட்டி அளவில் மஞ்சள் நிறக் கருவி ஒன்று. அதைக் கையில் ஏந்திக்கொண்டு மொட்டை மாடியில் காயும் துணிகளுக்கு நடுவே நின்றார்.

"யாரும் கிட்ட வராதீங்க. சாட்டிலைட்டு புடிக்குது."

கீழே அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டாள். அந்தச் சத்தத்தில் சாட்டிலைட் ஓடிவிடும் என்று பயந்தாளோ என்னவோ. சட்னி பாதி அரைபட்டுக் கிடக்க, நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அந்தக் கருவி எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது. அது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று சித்தி முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

முதல் ஞாயிறு வேன் பிடித்துக் காட்டுக்குப் போனோம். பெரியப்பா ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார். நீல நிறம், மூடியில் ஏதோ கோட்டையின் படம். உள்ளே ஒரு பொம்மைக் கார், ஒரு பென்சில், இரண்டு சாக்லேட், இது விளையாட்டு, யாரும் எடுத்துப் போக வேண்டாம் என்று பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் ஒரு காகிதம். அந்த ஊரில் அதைப் படிக்கக்கூடியவர்கள் யார் என்று அவர் யோசிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

காட்டு எல்லையில் ஒரு கல் நட்டிருக்கும். அங்கே பூசாரி துடைப்பத்தோடு நின்றார்.

"செருப்ப இந்தாண்ட வுட்டுடுங்க. உள்ள பழம் கெடந்தா பொறுக்கித் துன்னுங்க, மடியில கட்டிக்கினு வரக் கூடாது. ஒரு சுள்ளி வெளிய போகக் கூடாது. திரும்பறப்ப கால் மண்ண இங்கயே தட்டிட்டுப் போங்க."

அது அங்கே வழக்கம். காட்டு மண்ணைக்கூட யாரும் வெளியே கொண்டுபோக மாட்டார்கள். கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பாதமாகத் தூக்கிக் கையால் தட்டிவிட்டுத்தான் செருப்புக்குள் காலை விடுவார்கள். பெரியப்பா, பாம்பு இருக்கும் என்று சொல்லி ஷூவைக் கழற்றவே இல்லை.

உள்ளே வெயில் இல்லை. வௌவால் வாடையும் மக்கிய இலையின் வாடையும் கலந்து குளுகுளுவென்று இருந்தது. பாலைப் பழம் உதிர்ந்து கிடந்தது, சின்னதாக மஞ்சளாக. இரண்டு தின்றால் அதன் பால் ஒட்டி உதடு பிரியாது. கால் உடைந்த மண் குதிரைகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் இருந்த பெரிய பாலை மரத்தின் கிளைகளில் கையகல மரத்தொட்டில்கள் தொங்கின. பிள்ளை இல்லாதவர்கள் தங்கள் கல்யாணப் புடவையிலிருந்து ஒரு துண்டு கிழித்து, அதில் தொட்டிலை வைத்துக் கட்டிவிட்டுப் போவார்கள். துணி இற்றுத் தானாக விழும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள்.

பெரியம்மா தொட்டில்களைப் பார்த்தாள், பிறகு சித்தியைப் பார்த்தாள்.

"உனக்கும் ஒண்ணு கட்டிடலாமாடி?" என்று சொல்லிச் சிரித்தாள். "ஐயோ, இவ சயின்ஸ் டீச்சராச்சே. ஒத்துக்க மாட்டா."

அம்மாவும் சிரித்தாள். பெரியம்மா கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை பாட்டிலை எடுத்து அத்தனை பேர் முன்னிலும் சித்தியின் கையில் வைத்தாள். பிரான்ஸ் வைட்டமினாம், தினம் ஒன்று போட்டால் எல்லாம் சரியாகுமாம். சித்தி வாங்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் எப்படி அந்த மரத்தில் ஒரு தொட்டிலைக் கட்டுவாள்? அது அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. பெரியப்பா அந்த மரத்தின் பொந்தில்தான் டப்பாவை வைத்து, கருவியில் எதையோ அழுத்தி, "வுவாலா" என்றார், இதோ முடிந்தது என்று பிரெஞ்சில். எங்கள் வீட்டார் கைதட்டினார்கள்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, எனக்குத் துணி எடுத்துத் தருவதாகச் சொல்லிச் சித்தி என்னை அழைத்துப்போனாள். பஸ் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியபோது துணிக்கடை இங்கே இல்லையே என்று கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு வா."

நோணாங்குப்பத்தில் படகுக்காக வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். சித்தி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பொந்தில் டப்பா இருந்தது. ஆனால் ஆளே மாறிவிட்டிருந்தது. மூடியில் கோட்டைப் படத்தின்மேல் மஞ்சள் குங்குமம் அப்பியிருந்தது. காய்ந்த பூ கிடந்தது. உள்ளே கண்ணாடி வளையல், மஞ்சள் கயிறு, தகரத்தில் கண் வடிவில் செய்த கண்மலர். யாரோ வேண்டுதலுக்கு வைத்த பெட்டி என்று நினைத்து ஊரே வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. சாக்லேட்டுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் இருந்தது. சித்தி வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். செய்தித்தாளில் சுற்றி ஒரு சின்னத் தொட்டில், அவளுடைய அரக்குக் கூறைப்புடவையின் ஜரிகைத் துண்டு கட்டியது. கிளையில் கட்டப் போனவள் நின்றுவிட்டாள். குதிரைகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவள் வகுப்புப் பிள்ளையின் அம்மா. சித்தி சட்டென்று திரும்பி, தொட்டிலை டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

"இது பெரியப்பா பொட்டியாச்சே சித்தி?"

"பொட்டிதான் அவருது. மரம் அவருது இல்ல. யார்கிட்டயும் மூச்சு விடாத."

திரும்பும்போது எல்லைக் கல்லில் நின்று இரண்டு பாதங்களையும் மெதுவாக, ஒரு மண் துகள் இல்லாமல் தட்டினாள். எனக்குப் பாவாடைத் துணி எடுக்கக் காசும் நேரமும் இல்லாமல் போய்விட்டது, அம்மாவிடம் கடை பூட்டியிருந்தது என்று சொன்னோம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் பெரியப்பா டப்பாவைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை, சித்தி பள்ளிக்கூடத்தில் இருந்தாள், எனக்கு மட்டும் அம்மா லீவு சொல்லியிருந்தாள். பெரியம்மா வேனை விட்டு இறங்கவில்லை. அவர் அந்தக் கருவியைப் பார்த்துப் பார்த்து நடந்தார். எனக்குக் கண்ணுக்கு எதிரே மரம் தெரிந்தது, அவருக்குக் கருவி சொல்லும்வரை தெரியவில்லை. மூடியைத் திறந்ததும் பூரித்துப்போனார்.

"பாத்தியா, எத்தன பேரு விளையாடியிருக்காங்க. நம்ம ஜனங்க சொன்னா புரிஞ்சுக்கறாங்க."

வளையலைப் புரட்டினார். கண்மலரைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் தொட்டிலை எடுத்தார்.

"பெரியப்பா, அது சாமிக்கு வைக்கறது. எடுக்கக் கூடாது" என்றேன்.

"அப்பிடி இல்லம்மா. ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணும். அதான் ரூல். நாம வச்சுட்டா சரியாப் போச்சு."

ஈபிள் கோபுரம் தொங்கும் ஒரு கீ செயினை உள்ளே போட்டு மூடினார். பூசாரியைக் காணோம். அவர் அதே ஷூவோடு கல்லைத் தாண்டி, அத்தனை மண்ணோடும் வேனில் ஏறினார். யாருடையது என்று நான் சொல்லியிருந்தால் சித்தியின் மானம் போயிருக்கும். நானும் ஏறினேன்.

மறுநாள் மதியம் விருந்து. தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் முடிவதற்குள் போய் அப்பா வஞ்சிரம் வாங்கி வந்திருந்தார். ஆண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், சித்தி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். பெரியப்பா பையிலிருந்து தொட்டிலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது எங்கூட பிரான்ஸுக்கு வருது. எங்க ஊர் காட்டுல ஒரு பெட்டி இருக்கு, அதுல வைக்கப்போறேன். பாண்டிச்சேரிப் பொருளுன்னு எழுதி வச்சா அங்க ஆச்சரியப்படுவாங்க."

கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றது. சித்தி சாதாரணமாகக் கேட்க முயன்றாள்.

"மாமா, அத எனக்குக் குடுத்துடுங்களேன்."

"உனக்கு எதுக்கும்மா தொட்டிலு?"

அப்பா சோற்றைப் பார்த்தார். சித்தப்பா மீன் முள்ளைப் பார்த்தார். அம்மா, அப்பளம் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனவள் அப்பளம் இல்லாமல் திரும்பி வந்தாள். ஒருவராவது அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்து, கொடுய்யா அதை என்று சொல்லியிருக்கலாம். அவர் கொண்டுவந்த சோப்பும் சென்ட்டும் எல்லோர் வாயையும் அடைத்திருந்தது. பெரியப்பா மனதில் கள்ளம் இல்லை. இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு இன்றும் ஆத்திரம் அதில்தான். அவர் கெட்டவர்கூட இல்லை.

அன்று மாலை மாடிப்படியில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நாள் தள்ளிப் போயிருக்குடி. உங்க சித்தப்பாகிட்டகூட சொல்லல. போன ரெண்டு தடவையும் எல்லார்கிட்டயும் சொல்லி, எல்லாரும் கொண்டாடி, அப்புறம் எல்லாரும் என்னப் பாத்த பார்வ இருக்கே." படியில் உட்கார்ந்தாள். "ஒரு மரக்கட்டைக்கும் வயித்துக்கும் சம்மந்தம் இல்லன்னு எனக்குத் தெரியும். நான்தானே கிளாஸ்ல பாடம் எடுக்கறேன். ஆனாலும் அது அங்கதான் இருக்கணும். பிளேன்ல ஏறிப் போகக் கூடாது."

பிரான்ஸ்காரர்கள் பெட்டி கட்டுவது ஒரு திருவிழா. எடை பார்க்கும் மிஷின்மேல் பெட்டியை ஏற்றுவார்கள், இறக்குவார்கள், ஊறுகாயை எடுப்பார்கள், மசாலாப் பொடியை வைப்பார்கள். சித்தி தானே வந்து, "நான் அடுக்கித் தரேன் மாமா, நீங்க போய் படுங்க" என்றாள். அவருக்குக் கால் அமுக்கிவிடாத குறையாக எல்லோரும் நடந்துகொண்டதால் அவருக்கு இதில் சந்தேகம் வரவில்லை. பெரியப்பா குளியல் துண்டுக்குள் சுற்றிவைத்திருந்த தொட்டிலைச் சித்தி எடுத்து இடுப்பில் செருகினாள். அதே துண்டுக்குள், மூடியின் ஒட்டுகூடப் பிரிக்காத வைட்டமின் பாட்டிலை வைத்துச் சுற்றினாள்.

"ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணுமாமே. உங்க பெரியப்பாதானே சொன்னாரு" என்றாள் என்னிடம்.

அவர்களை வழியனுப்பிய மறுநாளே பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, என்னையும் மட்டம் போடவைத்துக் காட்டுக்குக் கூட்டிப் போனாள். இந்த முறை பூசாரி கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சித்தி நடந்ததைச் சொன்னதும் எழுந்து வழியை மறித்தார்.

"வெளிய போனது உள்ள வரக் கூடாதும்மா. தீட்டு. புதுசு வாங்கிக் கட்டு. பரிகாரத்துக்கு ஒரு சேவல வேற அறுக்கணும்."

"அவரு எடுத்துக்கிட்டுப் போனப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"டீ குடிக்கப் போயிருந்தேன்."

"சாமி இங்கதானே இருந்துச்சு. அது பாத்துக்கிட்டுதானே இருந்துது. வழி விடுங்க."

பூசாரி விட்டாரா, இவளே தள்ளிக்கொண்டு போனாளா, ஞாபகம் இல்லை. வேரின்மேல் ஏறிக் கிளையை எட்டினாள், எட்டவில்லை. அன்றைக்கும் சருகு கூட்ட வந்திருந்த அந்தப் பிள்ளையின் அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து கிளையை வளைத்துப் பிடித்தாள்.

"கட்டுங்க டீச்சர். என்னுதும் அந்தாண்ட கெளையிலதான் கட்டியிருந்துது."

சித்தி இரண்டு முடிச்சாகப் போட்டாள், ஊர் பார்க்க, ஜரிகை தெரிய. பிறகு டப்பாவிலிருந்த வளையலையும் கயிற்றையும் கண்மலரையும் குதிரையின் காலடியில் வைத்துவிட்டு, கீ செயினோடு வெறும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். உள்ளேயிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது என்று பூசாரி மறுபடி ஆரம்பித்தார். இது இங்கே முளைத்ததா என்று கேட்டுவிட்டு, கால் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த டப்பா வெகுகாலம் அவள் சமையலறையில் முறுக்கு டப்பாவாக இருந்தது. பிறகு குழந்தை பவுடரும் ஊக்கும் போட்டுவைக்கும் டப்பாவானது. குங்குமக் கறை கோட்டையை விட்டுப் போகவே இல்லை. வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது.

பெரியப்பா பாரிஸிலிருந்து போன் செய்து, விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர்கள் தொட்டிலைத் திருடிவிட்டார்கள் என்று இந்தியாவையே திட்டினார். இன்றும் திட்டுகிறார். துண்டுக்குள் பாட்டிலைக் கண்ட பெரியம்மா, தான் இரண்டு வாங்கி ஒன்றைக் கொடுக்க மறந்திருக்க வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். மறுவருடம் சித்திக்குப் பெண் பிறந்தது. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்தில் கூடினாலும் பெரியம்மா இதே கதைதான் சொல்கிறாள்.

"ஒரே ஒரு பாட்டிலுக்கே புள்ள தங்கிடுச்சு. பிரான்ஸ் மருந்துன்னா மருந்து."

எல்லோரும் தலையாட்டுவார்கள். சித்தி, "ஆமாங்க்கா" என்பாள். அப்போது மட்டும் என் பக்கம் திரும்ப மாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள் என்று சொன்னேன் இல்லையா? கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம், கண் நிறைய போன். பாலை மரம் இன்னும் இருக்கிறது. குதிரைகளுக்குப் புது வண்ணம் அடித்துப் பாழாக்கியிருக்கிறார்கள். சித்தியின் தொட்டில் எப்போதோ இற்று விழுந்து மண்ணோடு போயிருக்கும், வேறு யார் யாருடையதோ தொங்குகின்றன. சித்தி மகள் புதையல் டப்பாவைக் கண்டுபிடித்துத் திறந்தாள். உள்ளே ஸ்டிக்கரும் ரப்பரும்தான். முகம் சுருங்கிவிட்டது. நிமிர்ந்து கிளையைப் பார்த்தாள்.

"அக்கா, இது எவ்ளோ கியூட்டா இருக்கு. இதுல ஒண்ணு எடுத்துக்கட்டா? பதிலுக்கு எதாச்சும் வச்சுடறேன்."

எனக்கு வாய் வரை வந்தது. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

"உங்கம்மாவக் கேளு" என்றேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. இவள் மரத்தையும் தொட்டிலையும் சொல்லி, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சித்தி அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"பதிலுக்கு என்ன வைப்ப?"

"கீ செயின் இருக்கும்மா."

"அங்கேருந்து முன்ன ஒருத்தர் ஒரு தொட்டில எடுத்துட்டு கீ செயின்தான் வச்சிட்டு வந்தாரு. அதத் திருப்பிக் கொண்டுபோய்க் கட்டறதுக்குள்ள எனக்கு உசுரே போயிடுச்சு."

"யாரோட தொட்டில்மா அது?"

"உன்னுதுடி. கையக் கீழ எறக்கு. வெளிய வர்றப்ப கால் மண்ண நல்லா தட்டிட்டு வா."